கழட்ட வழி வெச்சு மாட்டுங்க!

ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல என்ன வாசம் வரும்னு உங்களுக்கே தெரியும். ஹாட் க்ளூ வாசம். சென்சார் ஆடுதா? ஒரு சொட்டு க்ளூ. மோட்டார் சரியா உட்காரலையா? இன்னும் ரெண்டு சொட்டு. காலையில எக்ஸ்டர்னல் வந்து பார்க்கிற பத்து நிமிஷம் நின்னா போதும், மார்க் வந்துடும். அதுக்கப்புறம் அந்த மாடல் டிபார்ட்மென்ட் அலமாரியில தூசி பிடிச்சுக் கிடக்கும். உள்ளே இருக்கிற நல்ல மோட்டாரை ஜூனியர் ஒருத்தன் எடுக்கணும்னா, மாடலை உடைச்சுத்தான் எடுக்கணும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். அதே பழக்கத்தோட எங்க வீட்டுப் பழைய லாரியில கை வெச்சேன். திரும்பக் கொண்டுவர முடியாத ஒண்ணு அதனால போச்சு. இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: ஒரு பழைய வண்டிக்குள்ள புதுசா எதை மாட்டினாலும், அடுத்த ஆள் அதைச் சேதமில்லாம கழட்ட வழி வெச்சு மாட்டணும். அழகு, பாலிஷ், ரீல்ஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்.

"லாரிக்குள்ள ஒரு மரப்பலகை மாட்டுறதுல என்னப்பா இன்ஜினியரிங்?"னு கேட்பீங்க. நானும் கேட்டேன். படிச்சுட்டுச் சொல்லுங்க.

அந்த லாரி

அது ஒரு டாடா 1210. 1984 மாடல். அப்பாரு வாங்கினது. (எங்க ஊர்ப்பக்கம் அப்பாவோட அப்பாவை அப்பாருன்னு கூப்பிடுவோம்.) அவர் இப்போ இல்லை. வண்டி சித்தப்பா கையில இருக்கு. எஃப்சி எடுத்து, பக்கத்து ஊர்களுக்குச் செங்கல் லோடு மட்டும் ஓடுது.

இந்த வண்டிகளோட கதையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா மீதி புரியும். அப்போ டெல்கோ என்று பெயர் இருந்த டாடா நிறுவனம், 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. 1969-ல் அந்தக் கூட்டு முடிந்தது. ஆனால் அந்த ஜெர்மன் டிசைனின் சாயல் ரொம்ப வருஷம் நம்ம ரோட்டில் ஓடிக்கிட்டே இருந்தது. வட்டமான மூக்கோடு இருக்கும் பழைய லாரிகளை நினைச்சுப் பாருங்க.

கம்பெனியிலிருந்து முழு லாரியாக வராது என்பதுதான் இதில் முக்கியம். சேசிஸ், எஞ்சின், முன்னாடி முகப்புத் தகடு, டேஷ்போர்டு. அவ்வளவுதான் வரும். கதவோ கூரையோ இல்லாத சேசிஸை, தலையில் துண்டைக் கட்டிக்கிட்டு டிரைவர்கள் ஹைவேயில் ஓட்டிக்கிட்டுப் போறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. அது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மாதிரி ஊர்களில் இருக்கும் பாடி பில்டிங் பட்டறைக்கு வரும். அங்கே ஆசாரிங்க மரச்சட்டத்தில் காபின் கட்டி, டிங்கர் தகடு அடித்து, பெயிண்டர் வந்து பூவும் புலியும் போட்டு, அப்புறம்தான் அது லாரி. ஒரே மாடல் 2 வண்டியை எடுத்தாலும் உள்ளே ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு பட்டறையோட கைவேலை.

இனிமேல் இப்படிப்பட்ட காபின்கள் குறையத்தான் போகுது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி வைத்த காபின் கட்டாயம். டிரைவர்களுக்கு அது வேண்டிய வசதி, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் மிச்சம் இருக்கும் பழைய மரக் காபின்கள் இனி திரும்பக் கிடைக்காத பொருள் என்பதையும் சேர்த்து நினைக்கணும்.

எங்க வண்டியில் கிளீனர் பக்க டேஷ்போர்டு தகட்டில், அப்பாரு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைப் பெயிண்டர் அப்படியே அவர் கையெழுத்து மாதிரி வரைந்திருந்தார். "செல்லாண்டியம்மன் துணை". அதுக்குக் கீழே முதல் லோடு ஏத்தின தேதி. மஞ்சள் பெயிண்ட், சிவப்பு நிழல். 40 வருஷத்தில் கொஞ்சம் மங்கிப் போயிருந்தது.

நாங்க செஞ்சது

மூணாவது வருஷ லீவில், மே மாசம், நானும் கிளாஸ்மேட் ரெண்டு பேரும் காபினைப் புதுப்பிக்கலாம்னு இறங்கினோம். நெட்டில் அமெரிக்கப் பழைய பிக்கப் வண்டிகளுக்கு மர டேஷ்போர்டு போட்ட படங்களைப் பார்த்து எங்களுக்கு ஆசை. தேக்குப் பலகை வாங்கினோம். 1,200 மிமீ நீளம், 200 மிமீ அகலம், 12 மிமீ தடிமன். அழகா இழைச்சு, முன்பக்கம் மூணு கோட் பாலிஷ் அடிச்சோம்.

எழுத்து இருக்கிற இடத்தில்தான் பலகை வரணும். சித்தப்பா தயங்கினார். "மூடினா பாதுகாப்புதானே சித்தப்பா, வெயில் படாது"ன்னு நான்தான் சொன்னேன். தகடு முழுக்க ரப்பர் பசையைத் தடவி, பலகையை அழுத்தி, மேல் ஓரம் கீழ் ஓரம் ரெண்டிலும் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவை வரிசையா முடுக்கினோம். மொத்தம் 14. தகட்டில் புதுசா 14 ஓட்டை. அப்போ அது தப்புன்னே தோணலை. நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும், அதுதான் எங்க நினைப்பு.

ரெண்டு மாசம் சூப்பரா இருந்தது. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் பலகையோட நடுவயிறு முன்னாடி உப்பிச்சு. வண்டி ஓடும்போது கிறீச் கிறீச்னு சத்தம். பங்குனி வெயிலில் உப்பல் அடங்கினது, ஆனா ஸ்க்ரூ வரிசையை ஒட்டி ஒரு முழ நீளத்துக்கு விரிசல். கழட்டலாம்னு ஸ்க்ரூவை எடுத்தோம். பசை விடலை. ஹீட் கன் காட்டி, பட்டி போடுற தகட்டை உள்ளே விட்டு நெம்பினோம். பலகை வந்தது. அதோட சேர்ந்து பெயிண்டும் வந்தது.

தகட்டில் மிச்சம் நின்னது "துணை" மட்டும்தான். தேதியில் பாதி.

சித்தப்பா ஒண்ணும் சொல்லலை. வண்டியை விட்டு இறங்கிப் போய் வெளியே நின்னார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது.

மரம் இரும்பு இல்லீங்க

அதுக்கப்புறம்தான் திருச்செங்கோட்டில் ஒரு பாடி பட்டறையில் அந்தக் காலத்திலிருந்து வேலை செய்யும் வயசான ஆசாரி ஒருத்தர்கிட்டப் போனோம். விரிசல் விட்ட பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, மேலயும் கீழயும் ஆணியடிச்சுக் கட்டிப்போட்டா அது எங்கீங்க போகும்? மரம் இரும்பு இல்லீங்க. மழைக்கு ஒரு அளவு, வெயிலுக்கு ஒரு அளவு" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதை எண்ணாக எழுதினா இதுதான்:

காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமா இருந்தா, நம்ம ஊர் வெப்பத்தில் மரத்துக்குள் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் வந்து நிற்கும். காற்றின் ஈரம் 75 சதவீதமா நீடிச்சா, மரத்தின் ஈரம் சுமார் 14 வரை ஏறும். வித்தியாசம் 5. தேக்கில் வளையக் கோட்டோடு போகும் திசையில் ஒவ்வொரு 1 சதவீத ஈர மாற்றத்துக்கும் அகலம் ஏறக்குறைய 0.19 சதவீதம் மாறும். எங்க பலகை 200 மிமீ அகலம். ஆக 200 × 0.0019 × 5 = 1.9 மிமீ.

கிட்டத்தட்ட 2 மிமீ! இவ்வளவுக்கும் தேக்கு மரங்களிலேயே ரொம்ப அமைதியான மரம். மத்த மரங்கள் பலதும் இதைவிட அதிகமாக ஆடும்.

இப்போ வெப்பத்தைப் பாருங்க. நாம முதலில் யோசிக்கிறது அதைத்தானே? 1 மீட்டர் இரும்பு 40 டிகிரி சூடானா சுமார் 0.5 மிமீ நீளும். மரம் நார் ஓடும் திசையில் அதைவிடக் குறைவாகத்தான் நீளும். ரெண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிகூட வராது. அதாவது, தெர்மல் எக்ஸ்பான்ஷன் ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணின நாங்க, அதைவிடப் பல மடங்கு பெரிசான ஈரத்தை மறந்துட்டோம். நீளவாக்கில் மரம் ஈரத்துக்கு அசைவது சொற்பம். குறுக்கே, அதாவது அகலத்தில்தான் அத்தனை ஆட்டமும்.

சரி, மழையில் உப்பினது புரியுது. வெயிலில் ஏன் விரிசல்? இதுக்கு ஒரு சுத்தியல் போதும். பிடி லூசான சுத்தியலைத் தண்ணியில் ஊறப்போட்டா இறுகும்னு வீட்டில் செய்வாங்க. காய்ஞ்சதும் அது முன்னைவிட லூசாகும். ஏன்னா, விரிய இடமில்லாத மரம் தனக்குள்ளேயே நசுங்கிடுது. நசுங்கின நார் திரும்பப் பழைய அளவுக்கு வராது. காயும்போது முதலில் இருந்ததைவிடச் சிறுசாகும். எங்க பலகையும் அதேதான். மழையில் 14 ஸ்க்ரூவும் பசையும் அதை இறுக்கிப் பிடிச்சதால் நசுங்கினது. வெயிலில் சுருங்கப் பார்த்தது, ஸ்க்ரூ விடலை, கிழிஞ்சது.

"ஸ்ட்ராங்கா" மாட்டினதுதான் அதை உடைச்சது. இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம்.

அப்போ எப்படி மாட்டணும்?

ரெண்டாவது தடவை நாங்க செஞ்சதை அப்படியே சொல்றேன். உங்க வண்டி ஜீப்பா இருக்கலாம், லேலண்டா இருக்கலாம். அடிப்படை மாறாது.

முதல் விதி, புது ஓட்டை கிடையாது. தகட்டை நல்லா உத்துப் பார்த்தோம். ஏற்கெனவே கைப்பிடியும் வேறு எதுவோவும் மாட்டியிருந்த பழைய ஓட்டைகள் 4 இருந்தன. 20 × 3 மிமீ ஃப்ளாட் பட்டை ரெண்டு வாங்கி, அந்த 4 ஓட்டையில் போல்ட் போட்டு நிறுத்தினோம். பலகையைத் தாங்கும் 6 நட்டையும் அந்தப் பட்டையின் பின்னாடி வெல்டு வெச்சோம். பலகை பட்டையில் நிற்கும், பட்டை பழைய ஓட்டையில் நிற்கும். மிச்சம் இருந்த "துணை"யின் மேல் எதுவும் உரசாது, நடுவில் காற்று இடைவெளி இருக்கு.

நாங்க முதலில் செஞ்ச மாதிரி மெல்லிய தகட்டில் நேரா ஸ்க்ரூ முடுக்குவது ஏன் தப்பு? எம்5 போல்ட்டின் பிட்ச் 0.8 மிமீ. 1 மிமீ தகட்டில் எத்தனை மரை பிடிக்கும்? ஒண்ணேகால். நாலு தடவை கழட்டி மாட்டினா அது தேய்ஞ்சு, ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துடும். பழைய ஓட்டையே இல்லாத இடத்தில் வேறு வழியில்லைன்னா, ரிவெட் நட் போடுங்க. குறைஞ்சது திரும்பத் திரும்பக் கழட்டலாம்.

ரெண்டாவது, ஒரு இடத்தில் பிடி, மத்த இடத்தில் விடு. கீழ் வரிசையில் நடு ஓட்டை மட்டும் சரியான அளவில். அதுதான் பலகையோட நிலை. அதன் இடமும் வலமும் இருக்கும் ரெண்டு ஓட்டை அரை மில்லி பெரிசு. மேல் வரிசை மூணும் வட்ட ஓட்டை இல்லை, நிற்கும் திசையில் நீண்ட ஓட்டை. பலகை கீழே நிலையா நின்னு, மேல்பக்கமா 2 மிமீ வளரவும் சுருங்கவும் இடம். பாலத்தில் ஒரு பக்கம் பின், மறுபக்கம் ரோலர்னு முதல் வருஷத்தில் படிச்சோமே, அதேதான். பரீட்சையில் எழுதினோம், பலகையில் மறந்துட்டோம்.

மூணாவது, மரத்தை இறுக்காதே, புஷ்ஷை இறுக்கு. போல்ட்டை மரத்து மேலேயே முடுக்கினா மரம் மெல்ல மெல்ல நசுங்கி, இறுக்கம் போயிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு இரும்புப் புஷ். மரம் 12 மிமீ, பின்னாடி அழுந்தின ஃபெல்ட் 1 மிமீ, ஆக புஷ் 13 மிமீ. போல்ட் எவ்வளவு முடுக்கினாலும் அந்த விசை புஷ் வழியா பட்டைக்குப் போகும். பலகையை ஃபெல்ட் மட்டும் மெத்தை மாதிரி முன்னாடி தள்ளிப் பிடிச்சுக்கும். மரத்துக்கு அசைய இடமும் இருக்கு, ஆடிச் சத்தம் போட வழியும் இல்லை.

அதிர்வைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஆறு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். ஒரு சுத்துக்கு 3 தடவை வெடிப்பு. ஐட்லிங் 600 ஆர்பிஎம்னு வெச்சுக்கிட்டா வினாடிக்கு 10 சுத்து, 30 குலுக்கல். டீக்கடையில் எஞ்சினை அணைக்காம ஒரு மணி நேரம் நின்னா 1,08,000 குலுக்கல். வண்டி இன்னும் நகரவே இல்லை! 1969-ல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர், போல்ட்டுக்குக் குறுக்கே வரும் அதிர்வுதான் அதை அதிகமாக லூசாக்கும்னு சோதனையில் காட்டினார். நம்ம எல்லாரும் நம்பிப் போடுற ஸ்பிரிங் வாஷர் அந்த மாதிரி சோதனையில் பெரிசா ஒண்ணும் தாங்கிறதில்லை. நைலாக் நட் போடுங்க. வெல்டு வெச்ச நட்டுன்னா நைலான் கருகிடும், அங்கே மரைக்கு வைக்கிற மிதமான லாக் திரவத்தை ஒரு சொட்டு விடுங்க. ஸ்பேனர் வெச்சாக் கழட்டுற வகைதான் வேணும்.

நாலாவது, முதுகுக்கும் பாலிஷ். நாங்க முன்பக்கம் மட்டும் மூணு கோட் அடிச்சோம்னு சொன்னேன் இல்ல? அதுவும் தப்பு. மூடாத பக்கம் ஈரத்தைச் சீக்கிரம் குடிக்கும், மூடின பக்கம் மெதுவா. ரெண்டு பக்கமும் வேற வேற அளவில் விரிஞ்சா பலகை அப்பளம் மாதிரி வளையும். பின்பக்கம், ஓரங்கள், ஓட்டையின் உட்சுவர் எல்லாத்துக்கும் அதே கோட். பிளைவுட்டில் ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினா வளைவதும் இதனால்தான்.

அஞ்சாவது, ஸ்க்ரூவின் உலோகம். கலம்காரித் துணியில் கருப்பு எப்படி வருதுன்னு தெரியுமா? கடுக்காயின் துவர்ப்பும் துருப்பிடிச்ச இரும்புக் கரைசலும் சேரும்போது வர்றது அது. துவர்ப்பு பல மரங்களிலும் இருக்கு. சாதா இரும்பு ஸ்க்ரூ ஈரமான மரத்தில் இருந்தா அதைச் சுத்திக் கருப்பு வட்டம் விழும், ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பித்தளையோ போடுங்க. புஷ்ஷுக்கும் அதே விதி. எங்க புஷ் சாதா இரும்புதான், ஓட்டைச் சுவரில் கோட் இருப்பதை நம்பி விட்டிருக்கோம். அடுத்த தடவை மாத்தணும். பித்தளைன்னா முதலில் சரியான அளவில் ஓட்டை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவை முடுக்கி எடுத்துட்டு, அப்புறம் மெழுகு தடவிப் பித்தளையை விடணும். இல்லைன்னா தலை முறிஞ்சு கையில் வந்துடும். ஆசாரி சொல்லிக் கொடுத்தது.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு அட்டை டெம்ப்ளேட் வெட்டுங்க. கேட் மாடலை நம்பாதீங்க. எங்க டேஷ்போர்டின் இடது ஓரமும் வலது ஓரமும் 6 மிமீ வித்தியாசம். கையால் கட்டின காபினோடு அது சேரணும், உங்க ஸ்கிரீனோடு இல்லை.

எங்கே மாட்டக் கூடாது

இதையும் சொல்லணும். பட்டறைகளிலும் வீட்டிலும் ஆசைக்கு எங்க வேணா மரம் போடுறாங்க. விபத்தில் மரம் நெளியாது, பிளந்து ஈட்டியாகும். டிரைவர் முழங்கால் இடிக்கிற இடம், ஸ்டியரிங்குக்கு நேர் எதிர், நெற்றி மோதுற மேல் ஓரம், இங்கெல்லாம் வேண்டாம். மாட்டுற இடத்திலும் ஓரத்தை நல்லா உருட்டி விடுங்க. காபினுக்குள் வரும் எஞ்சின் மூடி பக்கம் போகவே கூடாது. ஃப்யூஸ் பாக்ஸையும் வயரிங்கையும் பலகையால் மூடாதீங்க; நடு ரோட்டில் புகை வந்தா டிரைவருக்குக் கை எட்டணும். வண்டியின் உட்பக்கப் பொருள்கள் எவ்வளவு வேகமா எரியலாம்னு ஐஎஸ் 15061 என்று ஒரு இந்தியத் தரநிலையே இருக்கு. பாலிஷ் அடிச்ச மரம் எரியும் பொருள் என்பதை மறக்காதீங்க.

"இவ்ளோ மெனக்கெடணுமா?"

ஃப்ரெண்ட்ஸ் கேட்ட கேள்விதான். நியாயமான கேள்வியும்கூட. புஷ் கடைய ஒரு நாள், பட்டை வெல்டு வைக்க அரை நாள், நீண்ட ஓட்டை அராவுறதுக்கு ஒரு ராத்திரி. பசைன்னா பத்து நிமிஷம்.

பசையே கூடாதுன்னு நான் சொல்லலை. இப்போ வரும் கார்களில் கண்ணாடியே பசையில்தான் நிற்குது. மெல்லிய தேக்கு வெனீரைப் பிளைவுட்டில் ஒட்டி, அந்தப் பிளைவுட்டை போல்ட்டில் மாட்டினா, அது நாங்க போட்ட முழுப் பலகையைவிட நல்ல வழின்னுகூடச் சொல்வேன். பிளைவுட் குறுக்கும் நெடுக்குமா அடுக்கினது, அவ்வளவு அசையாது. புதுப் பொருளைப் புதுப் பொருளோடு ஒட்டுங்க, தப்பில்லை. புதுசைப் பழசோடு ஒட்டாதீங்க. கெட்டுப்போனா புதுசை இன்னொண்ணு செஞ்சுக்கலாம். பழசை யார் செஞ்சு தருவாங்க?

இன்னொரு வாதமும் வரும். "லாரிதானே, மியூசியம் பொருளா?" எனக்கு இதில்தான் கோபம் வருது. ஒரு கோயில் கதவில் இப்படிச் செஞ்சா ஊரே சண்டைக்கு வரும். திருச்செங்கோட்டு ஆசாரி 1984-ல் இழைச்ச காபின் கதவுக்கு யாரும் வர்றதில்லை. ரெண்டும் கைவேலைதானே?

லாரியை விடுங்க, உங்க கையில் இருக்கிற போனையே எடுத்துக்கோங்க. பேட்டரியை உள்ளே ஒட்டி வெச்சிருக்காங்க. பேட்டரி போனா பலர் போனையே மாத்திடறோம். ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், சின்னச் சாதனங்களில் இருக்கும் பேட்டரியைப் பயன்படுத்துறவரே கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும்னு 2027 பிப்ரவரி 18 முதல் கேட்கப் போகுது. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் கழட்ட வழி வைப்பது டிசைனரின் பொறுப்புன்னு ஒரு சட்டமே சொல்ல ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கு அந்த டிசைனர் நாற்காலியில் உட்காரப் போறது நீங்களும் நானும்தான். ஹாட் க்ளூ கன்னோட போய் உட்காரப் போறோமா?

என் யோசனை சின்னது. அடுத்த ரிவ்யூவில் "இது எப்படி வேலை செய்யுது?"ன்னு கேட்கிறதோட, "இதை எப்படிக் கழட்டுறது?"ன்னு ஒரு கேள்வியும் கேட்கட்டும். சார்ங்க கேட்கலைன்னா நாமளே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவோம். பதில் "உடைச்சுத்தான்"னா, அந்த டிசைன் இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

இப்போ அந்த வண்டி

புதுப் பலகை ஒரு மழைக்காலத்தையும் ஒரு வெயில் காலத்தையும் தாண்டிடுச்சு. மழையில் மேல் ஓரம் எவ்வளவு ஏறுதுன்னு பென்சிலில் கோடு போட்டு வெச்சிருக்கோம். 1 மிமீ கிட்ட ஏறிச்சு, இறங்கிச்சு. விரிசல் இல்லை, சத்தம் இல்லை. பலகையோட முதுகில், எந்த ஓட்டையில் எந்த போல்ட், எந்த ஸ்பேனர், எதை முதலில் கழட்டணும்னு எழுதியிருக்கோம். எங்களுக்காக இல்லை. எங்களுக்கு அப்புறம் யாரு கழட்டுவாங்களோ, அவங்களுக்கு. பழைய 14 ஓட்டையை மட்டும் ஒண்ணும் செய்ய முடியலை, அடைச்சு வெச்சிருக்கோம்.

போன ஆயுத பூஜை அன்னைக்கு வண்டியைக் கழுவி மாலை போட்டதும், சித்தப்பா எங்கிட்ட ஸ்பேனரைக் கேட்டார். அவரே 6 போல்ட்டையும் கழட்டி, பலகையை எடுத்துச் சீட்டு மேல வெச்சார். தகட்டில் மிச்சம் நிற்கிற "துணை"க்குப் பக்கத்தில், பெயிண்ட் மேல படாம, சந்தனமும் குங்குமமும் வெச்சார். சூடம் காட்டினார். அப்புறம் பலகையைத் திரும்ப மாட்டி, போல்ட்டை ஒவ்வொண்ணா முடுக்கினார்.

அஞ்சு நிமிஷம்கூட ஆகலை.